பௌர்ணமிக்கு ஒரே வாடகை

வியாபாரத்தில் நியாயமான போட்டியைக் காக்கும் நம் ஆணையத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். கடிதத்தில் ‘தங்கள் வெற்றிகளைப் பற்றி’ என்று வேறு போட்டிருந்தது. ஓய்வு பெற்றவனிடம் வெற்றியைப் பற்றிக் கேட்டால் அவன் லேசில் நிறுத்த மாட்டான் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. உங்கள் நேரத்தை நினைத்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். என் சர்வீஸில் நான் செய்த மிகப் பெரிய பிழையும், நான் மிகவும் பெருமைப்படுகிற வேலையும் ஒரே வழக்கில், ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடந்தவை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்ல எனக்கு வரவில்லை.

சந்தையை எப்படி வரையறுப்பது, ஆதிக்கத்தை எப்படி அளப்பது என்பதெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தருவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பில் தூங்காமல் இருந்தால் போதும். நான் சொல்லப்போவது அங்கே வராது.

வழக்கு இதுதான். ஓட்டல், லாட்ஜ் அறைகளை போனிலேயே பதிவு செய்து தரும் ஒரு பெரிய நிறுவனம். பெயர் வேண்டாம், இப்போது ஒழுங்காக இருக்கிறார்கள். லாட்ஜ்காரர்களோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. எங்கள் தளத்தில் போட்டிருக்கும் வாடகையைவிடக் குறைவாக வேறு எங்கும் அறை தரக் கூடாது என்பது அது. வேறு எங்கும் என்றால் வேறு தளத்தில் மட்டுமல்ல, லாட்ஜின் சொந்த போனில் கேட்பவருக்கும், நேராக வாசலில் வந்து நிற்பவருக்கும்கூட. தளத்துக்குத் தரும் கமிஷனை மிச்சப்படுத்தி வாடிக்கையாளருக்குக் குறைத்துத் தரலாம் என்று லாட்ஜ்காரர் நினைத்தால் அது குற்றம். மீறினால் சண்டை, வழக்கு எதுவும் கிடையாது. தேடும்போது வரும் பட்டியலில் முதல் பக்கத்தில் இருந்த லாட்ஜ் பின்னால் எங்கோ போய்விடும். முதல் பக்கத்தில் இல்லாத லாட்ஜ், வெளியூர்க்காரரைப் பொறுத்தவரை ஊரிலேயே இல்லை.

இதை விசாரிக்கும் குழுவுக்கு நான் தலைவன். பெரிய ஓட்டல்காரர்கள் காபி கொடுத்து உபசரித்தார்கள், வாயைத் திறக்கவில்லை. சின்ன லாட்ஜ்காரர்கள்தான் பேசக்கூடியவர்கள், அவர்களுக்குத்தான் பயமும் ஜாஸ்தி. எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: நாங்கள் சொன்னது அவர்களுக்குத் தெரிந்துவிடுமா? தெரியாது என்று சொல்வோம். நிறுவனம் பதில் சொல்வதற்காக வாக்குமூலத்தின் பிரதியை அவர்களுக்குத் தரத்தான் வேண்டும். ஆனால் ஆளை அடையாளம் காட்டும் எல்லா வரிகளையும் கறுப்படித்துவிட்டுத் தருவோம். இந்த ஒரு வாக்கை நம்பித்தான் நம் தொழிலே நடக்கிறது.

கோயில் ஊர்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுத்தபோது திருவண்ணாமலையும் பட்டியலில் வந்தது. நான் அங்கே மலையைச் சுற்றும் பாதையிலேயே இருக்கும் அடி அண்ணாமலையில் பிறந்தவன். எங்கள் குடும்பம் விவசாயக் குடும்பம். லாட்ஜ் தொழிலில் எனக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் இயக்குநர் அம்மையார் அதை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பஞ்சாபைச் சேர்ந்தவர், குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவர் ஒன்று மட்டும் சொன்னார்: ஊர்க்காரன் என்பதால் உனக்கு வழி தெரியும், அதனாலேயே யாரிடமும் வழி கேட்க மாட்டாய், அங்கே கொஞ்சம் பார்த்துக்கொள். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். மனதுக்குள், டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எனக்கே திருவண்ணாமலையைச் சொல்லித் தருகிறாரா என்று நினைத்தேன்.

ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி இருந்தது மல்லிகாவின் லாட்ஜ். பதினோரு அறைகள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பெரிய லாட்ஜ் ஒன்றில் பதினெட்டு வருடம் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தவர், பிறகு துணிந்து இந்தக் கட்டடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் எப்போதும் போன். யார் எந்த அறையில் இருக்கிறார்கள், யாருக்கு வெந்நீர் வேண்டும், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அவரிடமும் நிறுவனத்திலிருந்து பேசியிருந்தார்கள். வாடிக்கையாளர் மாதிரி யாரோ போன் செய்து வாடகை கேட்டிருக்கிறார்கள். இவரும் சொல்லியிருக்கிறார். மறுநாள் எச்சரிக்கை வந்தது: தளத்தில் இருப்பதில் பாதிக்குத் தருகிறீர்கள், இதைத் தொடர்ந்தால் பட்டியலில் உங்கள் இடம் பாதிக்கப்படும். வாடகையைக் குறைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை ஊரில் பல லாட்ஜுகளுக்கும் வந்திருந்தது. மற்றவர்கள் பயந்து வாடகையை ஏற்றிவிட்டார்கள். மல்லிகாவுக்குக் கோபம்தான் வந்தது.

"நான் எங்க சார் கம்மியா குடுத்தேன்? கணக்கே வேற. அவங்களுக்கு மதியம் பன்னெண்டு மணிக்கு உள்ள வந்தா மறுநாள் பதினோரு மணிக்கு நாள் முடிஞ்சுபோகுது. திதி சாயங்காலம் ஆரம்பிச்சு மறுநாள் சாயங்காலம் வரைக்கும் இருந்தா, கிரிவலம் வர்றவங்ககிட்ட ரெண்டு நாள் காசு கேக்குறாங்க. நான் திதி முடியிற வரைக்கும் ஒரு வாடகைதான் வாங்குவேன். பௌர்ணமிக்கு ஒரே வாடகை."

வெளியூரிலிருந்து வந்து சேர்ந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பௌர்ணமி என்பது நாள்காட்டியில் ஒரு கட்டம் அல்ல. திதி எப்போது தொடங்குகிறதோ அப்போது மலையைச் சுற்றத் தொடங்குவார்கள். சில மாதம் அது விடியற்காலையில் வரும், சில மாதம் சாயங்காலம். சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு வேண்டியது குளிக்கவும் பையை வைக்கவும் சுற்றி வந்த பிறகு காலை நீட்டவும் ஓர் அறை. மல்லிகா சொன்ன கணக்கு அவர்களுக்குப் பொருந்துகிற கணக்கு. நிறுவனம் தன் கணக்கில் இரண்டு வாடகை போட்டுவிட்டு, இவர் பாதி விலைக்கு விற்பதாகக் குற்றம் சாட்டியது. அந்த ஷரத்தின் அநியாயம் முழுவதும் இந்த ஒரு பத்தியில் இருந்தது. வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு எழுந்தபோது எனக்கு உள்ளூர ஒரே குதூகலம்.

என் பெயர் வெளியே தெரியாதல்லவா என்று அவரும் கேட்டார். தெரியாது, நான் பொறுப்பு என்றேன். நான் எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னதும் முகம் கொஞ்சம் இளகியது. நம்மூர்க்காரர் சொன்னால் சரிதான் என்று கையெழுத்துப் போட்டார்.

கறுப்படிக்கும் வேலையை நானே செய்தேன். பெயர், தெரு, அறைகளின் எண்ணிக்கை, முன்பு வேலை பார்த்த லாட்ஜ், எல்லாவற்றையும் அடித்தேன். திதி பற்றிய பத்தியை விட்டுவைத்தேன். அதுதான் வழக்கின் உயிர், அதை அடித்தால் மீதி என்ன இருக்கிறது? பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்து, இது ஆளைக் காட்டிக்கொடுக்காதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, எங்கள் ஊரில் எல்லா லாட்ஜிலும் இதுதான் வழக்கம் என்று கையை வீசினேன். நான் கல்லூரியில் படித்த காலத்தில் அடி அண்ணாமலையில் வீட்டு அறையை வாடகைக்கு விட்டவர்கள்கூடத் திதிக் கணக்குதான் பார்த்தார்கள். எனக்குத் தெரியாதா?

எனக்குத் தெரியவில்லை. நான் ஊரை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஒரு போன் போட்டு, இப்போதும் அப்படித்தானா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிரதி நிறுவனத்துக்குப் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சார், நான் பேசுனது யாருக்கும் தெரியாதுன்னு சொன்னீங்களே. நேத்துலேர்ந்து என் லாட்ஜைத் தேடுனா கெடைக்கவே மாட்டேங்குது."

சித்ரா பௌர்ணமிக்கு மூன்று வாரம் இருந்தது. பௌர்ணமி முடிந்ததும் அவருடைய குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். கட்டட உரிமையாளரிடம் ஒரு பெரிய ஓட்டல் குழுமம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தது. சித்ரா பௌர்ணமிக்கே அறைகள் காலியாகக் கிடந்தால், நடத்தத் தெரியாதவர் என்று சொல்லி உரிமையாளர் கட்டடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். இருபது வருட உழைப்பில் அவருக்கென்று இருந்தது அந்தப் பதினோரு அறைகள்தான்.

போனை வைத்துவிட்டு, நான் கறுப்படித்த பிரதியை எடுத்தேன். இந்தத் தடவை அந்த நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவனாக என்னை நினைத்துக்கொண்டு படித்தேன். பிறகு அவர்களுடைய தளத்துக்குப் போய், திருவண்ணாமலை லாட்ஜுகளுக்கு விருந்தினர்கள் எழுதியிருக்கும் கருத்துகளில் ‘திதி’ என்ற சொல்லைத் தேடினேன். ஏழெட்டுக் கருத்துகள் வந்தன. சில தமிழில், சில தெலுங்கில். திதி முடியும் வரை ஒரே வாடகை, தங்கமான அம்மா, அடுத்த பௌர்ணமிக்கும் இங்கேதான் என்று மனமார வாழ்த்தியிருந்தார்கள். எல்லாமே ஒரே லாட்ஜைப் பற்றியவை. ஊரில் வேறு யாரும் இப்போது அப்படிச் செய்வதில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. அவர்களுக்கு அதுகூட ஆகியிருக்காது.

இனி நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம். பிழை எல்லாருக்கும் வரும். அதற்கடுத்த ஒரு நாளில் என்ன செய்கிறோம் என்பதுதான் நம் லட்சணத்தைக் காட்டும்.

மூத்த சகா ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். அவர் கதவைச் சாத்திவிட்டு எனக்குப் புத்தி சொன்னார். பட்டியல் வரிசை தினமும் மாறும், இது தற்செயலாகக்கூட இருக்கலாம். சத்தமில்லாமல் வேறு பிரதி தயார் செய்து கோப்பில் வை. சாட்சியை நாமே காட்டிக்கொடுத்தோம் என்று எழுதினால், விசாரணையே கறைபட்டுவிட்டது, எல்லா வாக்குமூலங்களையும் தள்ளுங்கள் என்று அவர்கள் கேட்பார்கள். ஒரு லாட்ஜுக்காக ஐந்து ஊர்களின் வழக்கைப் பலி கொடுக்காதே என்றார். அவர் சொன்னதில் தர்க்கம் இருந்தது. அதனால்தான் எனக்கு அது அவ்வளவு வசதியாக இருந்தது.

மதியம் இயக்குநரிடம் போனேன். முழுவதையும் கேட்டார். கண்டிக்கவில்லை. முன்பே சொன்னேனே என்றும் சொல்லவில்லை, அவர் அந்த ரகம் கிடையாது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இதை எழுத்தில் தரப் போகிறாயா, அல்லது நான் கேள்விப்பட்டதாக மட்டும் வைத்துக்கொள்ளட்டுமா? நாளை மாலைக்குள் சொல் என்றார். எது நல்லது என்று அவர் கோடிகூடக் காட்டவில்லை. அப்போது எனக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது. முடிவை என்னிடமே விட்டது எவ்வளவு பெரிய மரியாதை என்று பிற்பாடுதான் புரிந்தது.

நான் யோசித்தது இவ்வளவுதான். நிறுவனம் என்ன சொல்லும்? வரிசையைப் போடுவது இயந்திரம், இந்தச் சாட்சி யார் என்றே எங்களுக்குத் தெரியாது, பெயரைத்தான் நீங்களே மறைத்துவிட்டீர்களே என்று சொல்லும். அதைப் பொய் என்று காட்ட உலகத்தில் ஒரே ஒரு ஆதாரம்தான் இருக்கிறது. அது என்னுடைய பிழை. மறைப்பு தோற்றது, இந்த நாளில், இந்த வரியில், என்னால் தோற்றது என்று நான் சொன்னால்தான் அதற்கடுத்து அவர் லாட்ஜ் காணாமல் போனதற்கு அர்த்தம் வரும். நான் வாயை மூடிக்கொண்டால் நிறுவனம் சொல்வதுதான் உண்மையாகிவிடும். அதற்குப் பிறகு இன்னொரு ஊரில் இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து, உங்கள் பெயர் வெளியே வராது, நான் பொறுப்பு என்று எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் இதில் இன்னொருவர் தலையும் இருந்தது. நான் எழுதினால் மல்லிகாதான் சாட்சி என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். அவரைக் கேட்காமல் அதைச் செய்ய எனக்கு உரிமை இல்லை. போனில் கேட்கிற விஷயமும் அல்ல. இயக்குநரிடம் சொல்லிவிட்டு, விடியற்காலை விமானத்தில் சென்னைக்கு வந்து பஸ் பிடித்துப் போனேன்.

போய்ச் சேர்ந்தபோது மல்லிகா சலவைக்குப் போய் வந்த படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நடந்தது நிறுவனத்தின் சாமர்த்தியத்தால் மட்டுமல்ல, என் அஜாக்கிரதையால் என்பதையும் சொன்னேன். எல்லா லாட்ஜிலும் இப்படித்தான் என்று நான் நினைத்த இடம் வந்தபோது அவர் மடிப்பதை நிறுத்தினார்.

"எல்லாரும் இப்படித்தான்னு யார் சார் உங்களுக்கு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"இப்ப நான் ஒருத்திதான் பண்றேன். அதுக்காகத்தான் என்னைத் தேடி வர்றாங்க. அடி அண்ணாமலையில பொறந்துட்டு இதுகூடத் தெரியலையா உங்களுக்கு?"

அவர் இன்னும் இரண்டு விரிப்புகளை மடித்து வைத்தார். அவர் முன்னால் இருந்த இரண்டு வழிகளையும் சொன்னேன். வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம், அதைத் தடுக்க மாட்டேன். அல்லது அவர் பெயரை வெளியே சொல்லிப் போராட வேண்டும், அதில் தோற்றால் லாட்ஜ் நிச்சயமாகப் போய்விடும். ஜெயிப்போம் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சொன்னேன். ஒருமுறை உத்தரவாதம் கொடுத்து அவர் பட்டது போதாதா?

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. யாரோ விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் பேரை மறைச்சு நீங்க காப்பாத்துன லட்சணம் போதும் சார். பேரோடவே போடுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேர்த்துச் சொன்னார்: "ஆனா உங்க தப்பையும் உங்க பேரோட போடணும். அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

பெரிய அதிகாரிகள் முன்னாலும் வக்கீல்கள் முன்னாலும் எவ்வளவோ பேரம் பேசியிருக்கிறேன். இதைவிட நியாயமான நிபந்தனையை யாரும் எனக்குப் போட்டதில்லை.

பிறகுதான் அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டுக் காகிதம் எடுத்தார். தினசரிக் காலண்டரின் கிழித்த தாள்கள். திதி நேரம் அதில்தான் அச்சாகியிருக்கும் என்பதால் அவர் எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பேனாவால் ஓர் எண். காலையில் கேட்டைத் திறந்ததும் போனில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடி, தன் லாட்ஜ் எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று அன்றைய தாளில் குறித்து வைப்பது அவர் பழக்கமாம். ஆறு, எட்டு, ஏழு, ஆறு, ஒன்பது. மாதக் கணக்காக இப்படியே. நாங்கள் பிரதியைக் கொடுத்ததற்கு மூன்றாம் நாள் தாளில் எண் இல்லை. ‘கிடைக்கவில்லை’ என்று எழுதியிருந்தார். அதற்கடுத்த தாள்களிலும் அதே சொல்தான்.

பெரிய பெரிய கணினிக் கூடங்களில் எங்களுக்குக் கிடைக்காத ஆதாரம் ஒரு லாட்ஜ் இழுப்பறையில் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. வழக்கு வரும் என்று நினைத்து எழுதியதல்ல. அதனால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. அந்தத் தாள்களைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு. வாங்கிக்கொண்டு ரசீது எழுதிக் கொடுத்தேன். இந்தத் தடவை ரசீதை ஒன்றுக்கு இரண்டு முறை படித்துப் பார்த்தார்.

அன்று மாலையே இயக்குநருக்கு போனில் சொன்னேன்: எழுத்தில் தருகிறேன். நல்லது என்று மட்டும் சொன்னார்.

என் பிரமாணப் பத்திரம் இரண்டு பக்கம். எந்த நாளில் எந்த வரியை மறைக்காமல் விட்டேன், ஏன் விட்டேன், அதை யார் எப்படிக் கண்டுபிடித்திருக்க முடியும் என்று எழுதி, அடியில் என் முழுப் பெயரைப் போட்டேன். நான் எழுதியவற்றிலேயே திருத்தம் இல்லாமல் முதல் தடவையே சரியாக வந்தது அதுதான்.

அவசர விசாரணையில் நிறுவனத்தின் வக்கீல் நான் எதிர்பார்த்ததையே சொன்னார். மனிதக் கை படாத இயந்திரம், முகம் தெரியாத சாட்சி என்றெல்லாம் அழகாகப் பேசினார். என் பத்திரத்தைப் படித்ததும் பேச்சு திசை மாறியது. ஓர் அதிகாரி தன் கவனக்குறைவையே ஆதாரமாகக் கொண்டு வருவது வேடிக்கையாக இருக்கிறது என்றார். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். விசாரணையையே ரத்து செய்ய வேண்டும் என்றும் கேட்டார், என் சகா சொன்னபடியே.

ஆணைய உறுப்பினர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, உங்கள் பிழையால் அந்தப் பெண்மணிக்கு இந்தக் கதி என்று ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ஒப்புக்கொள்கிறேன், ஆனால் நான் கதவைத்தான் திறந்து வைத்தேன், உள்ளே நுழைந்தது யார் என்று அவர்களைக் கேளுங்கள் என்றேன். காலண்டர் தாள்கள் அவர் கையில் இருந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டினார். ‘கிடைக்கவில்லை’ என்ற தாள் வந்ததும் அதை வக்கீலிடம் காட்டி, பிரதி கிடைத்ததற்கும் இந்தத் தாளுக்கும் இடைப்பட்ட இரண்டு நாட்களில் உங்கள் நிறுவனத்தில் யாரெல்லாம் ‘திதி’ என்று தேடினார்கள், அதன் பதிவைக் கொண்டு வாருங்கள் என்றார். எல்லாவற்றையும் பதிவு செய்வது உங்கள் தொழில்தானே என்றும் சேர்த்துக்கொண்டார்.

வக்கீல் அவகாசம் கேட்டார். இரண்டு நாள் கிடைத்தது. இரண்டாம் நாள் பதிவு வரவில்லை. ஒரு கடிதம் வந்தது. லாட்ஜைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறோம், இந்தப் பதிவுகளைக் கேட்பதைக் கைவிட வேண்டும் என்று இருந்தது. ஆணையம் கைவிடவில்லை. லாட்ஜைத் திரும்ப வைக்க உத்தரவும் போட்டது, பதிவையும் வாங்கியது. தேடியவர் இருந்தார், தேடச் சொன்னவரும் இருந்தார். இயந்திரம் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

மல்லிகாவின் லாட்ஜ் சித்ரா பௌர்ணமிக்கு ஐந்து நாள் முன்னால் பழைய இடத்துக்கு வந்தது. பதினோரு அறைகளும் நிறைந்தன. குத்தகை புதுப்பிக்கப்பட்டது. இறுதி உத்தரவு வருவதற்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. அந்த ஷரத்து நாடு முழுக்கச் செல்லாது என்று ஆனது. லாட்ஜின் இடத்தை மாற்றினால் ஏன் என்று முன்கூட்டியே எழுத்தில் சொல்ல வேண்டும், புகார் கொடுத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்பதும் உத்தரவில் வந்தது. இன்று எந்த ஊரிலும் ஒரு சின்ன லாட்ஜ்காரர் தன் வாசலில் வந்து நிற்பவருக்குத் தனக்குப் பிடித்த வாடகையைச் சொல்லலாம். ஏன் என்று கேட்க யாரும் இல்லை. அதில் என் கையும் இருக்கிறது என்பதில் எனக்குள்ள பெருமையை மறைக்கப் போவதில்லை. நான் மறைக்கப் போனால் என்ன ஆகும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்குக் குறிப்பாணை வந்தது. கவனக்குறைவு என்று தலைப்பிட்டு, இனி இவ்வாறு நிகழக் கூடாது என்று எச்சரித்து. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வும் தள்ளிப்போனது. குறிப்பாணையை இயக்குநர் அம்மையார் தன் கையாலேயே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினார். பிறகு இரண்டு டீ சொன்னார். குடித்து முடிக்கும் வரை நாங்கள் வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. அடுத்த நாள் ஒரு புது விதி போட்டார்: கறுப்படித்த எந்தப் பிரதியும், அந்த ஊரை அறியாத ஒருவர் படித்துக் கையெழுத்திட்ட பிறகே வெளியே போக வேண்டும். உங்கள் கையேட்டில் இன்றும் அது இருக்கிறது. அது யாரால் வந்தது என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள். என்னுடைய நினைவுச் சின்னம் அதுதான்.

இப்போது நான் செங்கம் ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறேன். மல்லிகாவை அவ்வப்போது பார்ப்பேன். இன்றைக்கும் என்னிடம் எதையாவது கேட்டால், நான் பதில் சொன்னதும், விசாரிச்சீங்களா சார், இல்லை நீங்களா நெனச்சுக்கிட்டீங்களா என்று கேட்கிறார். இந்த ஆயுளில் அது தீராது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். இன்னொரு பெரிய தளத்தின் மேல் புது விசாரணை. திருவண்ணாமலைக்கு நான் போகவில்லை. ஒடிசாவிலிருந்து புதிதாகச் சேர்ந்திருந்த ஓர் இளம் அதிகாரியை, மொழிபெயர்ப்பாளர் ஒருவரோடு அனுப்பினேன். போகும் வழியெல்லாம் வழி கேட்டுக்கொண்டே போ என்று சொல்லித்தான் அனுப்பினேன். மூன்றாம் நாள் அந்தப் பெண் பதற்றத்தோடு போன் செய்தாள். பதினான்கு லாட்ஜ்காரர்கள் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பெயரை ரகசியமாக வைக்க வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் ஆம், இல்லை என்று யாரும் குறிக்கவில்லை. பதினான்கு பேரும் ஒரே வாசகத்தைக் கையால் எழுதியிருக்கிறார்கள். யாரோ சொல்லிக்கொடுத்து எழுத வைத்திருப்பார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் போனை வாங்கித் தமிழிலேயே படித்தார்.

"பேரோடவே போடுங்க."

போனைத் திரும்ப வாங்கி, என்ன செய்யட்டும் சார் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர்கள் சொன்னபடியே செய்யம்மா என்றேன்.